பல வருஷமாக மேடை ஏறும் இசைக்குழு, என்னென்ன பாட்டு பாடுவது என்று எப்படி முடிவு செய்கிறது?

நீங்கள் புதிதாகக் குழு ஆரம்பித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. இல்லையென்றால் ஏதோ நோம்பிக் (கோயில் திருவிழா) கச்சேரியைக் கேட்டுவிட்டு, "வருஷா வருஷம் இதே பாட்டுதானா" என்ற எரிச்சலில் கேட்கிறீர்களோ என்னவோ. எதுவானாலும் சரி, 1998-லிருந்து கோபி, சத்தி, பவானிப் பக்கம் கோயில் மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன் சொல்கிறேன்: பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாடகரின் தொண்டை.

முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அடுத்தது ஆத்தாளுக்கு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. முன்பெல்லாம் விடிய விடிய வாசித்தோம். 2000-ல் வந்த ஒலி மாசு விதியைப் போலீஸ் கறாராகப் பார்க்க ஆரம்பித்ததும், இரவு 10 மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும். ஏழரைக்கு ஏறினால், கமிட்டிக்காரர்கள் பொன்னாடை போர்த்துகிற நேரம் போக இருபது பாட்டு தேறினால் அதிகம்.

அந்த இருபதில் 'மருதமலை மாமணியே' இல்லாமல் எங்கள் பக்கம் மேடையை விட்டு இறங்க முடியாது. 1972-ல் வந்த 'தெய்வம்' படத்தில் மதுரை சோமு பாடியது. எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவதாக வைப்போம், குரல் சூடேறியிருக்கும், களைத்திருக்காது.

எங்கள் குழுவில் பாடுகிற அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது. "ஒரு கட்டை எறக்கிக்கலாமுங்களாண்ணா?" என்று கேட்டால், "அப்பறம் எதுக்குப்பா பாடறது?" என்று முறைத்தார். அடுத்த நோம்பியில் அவரிடம் சொல்லாமலே, கீபோர்டில் சுருதியை இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினேன். பேஸ் கிட்டார் பையன் காதில் போட்டுவிட்டேன். குழல்காரரை மறந்துபோனேன். அண்ணன் சுகமாகப் பாடிக்கொண்டிருக்கிறார், இடையிசை வருகிறது, குழல் பழைய சுருதியிலேயே நுழைகிறது. முன்வரிசையில் மாவிளக்குத் தட்டை மடியில் வைத்திருந்த ஆத்தா காதைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஓரம் வந்து, "ஏனுங் தம்பி, கொழலு வேற ஊருக்கு ஊதுதுங்களா?" என்றார்.

வேன் கவுந்தப்பாடி தாண்டும்வரை அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "எறக்கியே வெய்யி. எங்கிட்டச் சொல்லிப்போட்டு வெய்யி" என்றார்.

அதிலிருந்து மார்கழியில் ஒருநாள் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் பாடிப் பார்ப்பார். இறக்கியும் நிற்காத பாட்டு வெளியே. அதிகம் அடிபட்டது டூயட்தான். அவருக்காக இறக்கினால் கூடப் பாடுகிற பெண்ணுக்குக் கீழே குரல் எடுபடாது. எத்தனை நல்ல பாட்டு அப்படிப் போயிற்று தெரியுமா? ஒரே பாட்டையே பாடுகிறார்கள், "சரக்குத் தீர்ந்துபோச்சு" என்று எங்களைப் போன்ற குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்காகத்தான் சொல்கிறேன். எல்லாக் குழுவும் இப்படியென்று சொல்ல வரவில்லை. ட்ராக் போட்டு வாயசைக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அதற்கு மேல் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

துண்டுச்சீட்டில் வருகிற பாட்டுக்கு இரண்டு இடம் காலியாக விடுவோம். சீட்டோடு நூறு ரூபாயும் வந்தால் மூன்றாவது இடமும் காலியாகும்.

கல்யாண வரவேற்பு தனிக் கதை. பந்தி ஆரம்பித்துவிட்டால் எதை வாசித்தாலும் ஒன்றுதான். ஆனால் எங்களை மட்டும் கடைசிப் பந்திக்குத்தான் கூப்பிடுவார்கள். போன வைகாசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபத்தில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், இலையில் ரசமும் ஊறுகாயும். "சந்தகையும் தேங்காய்ப்பாலும் இப்பத்தானுங் தீந்துச்சு" என்கிறார் பரிமாறுகிறவர். எங்கள் வேன் டிரைவர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டாராம்.