பழைய கணினியும் பாமினியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மேசைக் கணினி 2014இல் வாங்கியது. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்கிறது திரை. மகன் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, "இனி யாருப்பா வீட்ல பிசி வச்சிருக்காங்க, எடைக்குப் போடுங்க" என்கிறான். பேரன் ஏஐ கற்றுக்கொள்ளச் சொல்கிறான். எங்கள் இலக்கிய வட்ட மாத இதழை 2003 முதல் பாமினி எழுத்துருவில் நானே அடித்தேன். பாதி இந்தக் கணினியில், மீதி பரணில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்கில். டேப்லெட்டில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. அது போகட்டும். புது லேப்டாப் வாங்கவா, டேப்லெட்டே போதுமா? இந்த வயதில் எவ்வளவுதான் ஓடுவது?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

அது போகட்டுமா? இத்தனை வருட இதழை இரண்டே சொல்லில் தள்ளிவிட்டு, லேப்டாப்புக்கு ஒரு பத்தி எழுதுகிறீர்கள்.

லேப்டாப் கதையை முதலில் முடிப்போம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், உங்களுடையதில் இரண்டும் இல்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ராமை 8 ஜிபி ஆக்கி, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் படிக்க, எழுத, இணையம் பார்க்க இன்னும் சில வருடம் ஓடும். மின்கட்டணம் கட்ட டேப்லெட் போதும். ஏஐ எங்கேயும் ஓடிவிடாது, பேரன் இருக்கிறான்.

பிசி விற்பனை 2011 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கியது, கொரோனா முடக்கத்தில் கொஞ்சம் நிமிர்ந்தது. அது கடைக்காரர் கவலை. பிசியோடு சேர்ந்து 'ஃபைல்' என்ற எண்ணமே கழன்றுபோகிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. போன் படத்தைக் காட்டும். அந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். நீங்களோ ஃபைலைப் பெயர் வைத்துச் சேமித்த தலைமுறை. அதை எடைக்குப் போட உங்களுக்கே தோன்றலாமா?

நீங்கள் பார்த்தது குப்பை இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் பதிவது 109, 107, 59, 107, 104 என்ற எண்கள். அவை ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்ததுதான் பாமினி. எழுத்துரு இல்லாத கருவி எண்ணுக்குரிய ஆங்கிலத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. யுனிகோடு தமிழுக்கென்றே தனி எண் கொடுத்தது. எனவே மாற்றினால்தான் டேப்லெட்டில் படிக்கலாம், தேடலாம்.

விண்டோஸ் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள், பாமினி எழுத்துரு ஃபைலையும் சேர்த்து. மூலத்தில் கை வைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பரணில் உள்ள டிஸ்கின் பின்பக்கம் இரண்டு வரிசை ஊசிகள் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை. அதற்கென்று யுஎஸ்பி கன்வர்ட்டர் உண்டு. மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டரும் வேண்டும், யுஎஸ்பி மின்சாரம் மட்டும் போதாது. 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இருப்பதும் போய்விடும்.

மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் முழு இதழையும் அள்ளிக் கொட்டாதீர்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று வெறும் எண்களை வைத்து அதற்குத் தெரியாது. முகவரியில் ஆங்கிலத்தில் 'ரோடு' என்று அடித்திருந்தால் அது 'சுழயன' என்று வந்து நிற்கும். தமிழ்ப் பகுதிகளைத் தனித்தனியே எடுத்து மாற்றுங்கள்.

அடுத்ததுதான் ஆளை ஏமாற்றும். தட்டச்சுப் பழக்கத்தில் பலர் 'ர்' அடிக்கத் துணைக்காலைப் (ா) போட்டு மேலே புள்ளி வைப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. சரியில்லாத கன்வர்ட்டர் அதை அப்படியே 'தமிழா்' என்று மாற்றிவிடும். கண்ணுக்குத் தமிழர்தான், தேடினால் அகப்படமாட்டார். எத்தனையோ செய்தித் தளங்களில் இன்றும் இந்தப் பிழை நடமாடுகிறது, யாருக்கும் வெட்கமில்லை. தவறான அந்த இணைப்பை உங்கள் ஃபைலிலிருந்தே நகலெடுத்து, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் கண்ட்ரோல்-எச் அழுத்தித் தேடும் கட்டத்தில் ஒட்டுங்கள். 'ா்' என்பதை 'ர்' ஆகவும், 'ாி'யை 'ரி' ஆகவும், 'ாீ'யை 'ரீ' ஆகவும் மாற்றுங்கள். காலுக்கு மேல் புள்ளியோ கொக்கியோ தமிழில் எங்கும் வராது, அதனால் துணிந்து 'எல்லாவற்றையும் மாற்று' கொடுக்கலாம்.

நோட்பேடில் சேமித்தால் என்கோடிங்கில், அதாவது எழுத்தை எண்ணாக்கும் முறையில், யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்சி என்று இருந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். ஃபைலை மூடிய பிறகு மீட்க வழியே இல்லை. முடிந்ததும் ஒரு பிரதியை வெளி டிஸ்கிலும் ஒன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். பென்டிரைவில் போட்டு இழுப்பறையில் வருடக்கணக்கில் வைப்பது சேமிப்பில் சேராது. மின்சாரமே காணாமல் கிடந்தால் அதன் நினைவகம் மெல்ல மெல்ல மறந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு இதழ் போதும், ஓட வேண்டாம். முதலில் அந்தப் பரண் டிஸ்க் கீழே வரட்டும். ஏணியில் மகனை ஏற்றுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.