இங்கிலாந்தில் ஒருநாளும் வேலைக்குப் போகாத என் அம்மாவுக்கு அரசு ஓய்வூதியம் கிடைக்குமா?

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து பார்க்காமலே விட்டுவிடாதீர்கள். 2016 ஏப்ரல் 6-க்குப் பிறகு ஓய்வூதிய வயதை எட்டுபவர்களுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீடு) கணக்கில் குறைந்தது 10 தகுதி வருடங்கள் வேண்டும், முழுத்தொகைக்குப் பொதுவாக 35. ஆனால் அந்த வருடங்கள் சம்பளத்தால் மட்டும் வருவதில்லை. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் உதவித்தொகை) அம்மா பெயரில் வாங்கியிருந்தால் அந்த வருடங்களும், நோயாளி ஒருவரை வாரம் 20 மணி நேரமாவது கவனித்து, அதற்கான கேரர்ஸ் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அதுவும் நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் ஏறும்.

ஈஸ்ட் ஹாமில் மூன்று பிள்ளைகளை வளர்த்த என் சித்தி, "நான் என்ன உழைச்சேன், எனக்கு யார் தருவா?" என்றுதான் இருந்தார். கணக்கைத் திறந்தால் 19 வருடம்! 2025-26 முழுத்தொகையான வாரம் 230.25 பவுண்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 125 பவுண்ட். வீட்டில் பார்த்த வேலையும் வேலைதானே.

அப்பாவின் கணக்கை நம்பி இருக்க வேண்டாம், புதிய முறையில் பொதுவாக அவரவர் கணக்குதான். 2010-க்கு முன் பிள்ளை வளர்த்த வருடங்கள் பல தாய்மாருக்குப் பதிவாகாமல் விடுபட்டிருக்கின்றன, அதனால் அதைக் கவனமாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால், அவற்றைச் சேர்க்கச் சொல்லி சிஎஃப்411 (CF411) படிவம் போடலாம். 10 வருடம் தேறாவிட்டால், அப்புறம் வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை இருக்கிறது, அதற்கு நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்கவே தேவையில்லை.