1919 கால் அணாவில் எழுத்து இரட்டிப்பது தேய்ந்த அச்சா, அசல் ரகமா?

வணக்கம்ணே. விளக்குத்தூண் பக்கம் பார்த்த 1919 ஜார்ஜ் கால் அணாவுல ‘எம்பரர்’ எழுத்து இரட்டையா தெரியுது, கடைக்காரர் ‘டபுள் டை’னு (காசு அடிக்கிற அச்சுலயே எழுத்து ரெண்டு தடவை பதிஞ்ச தனி ரகம்) ஆயிரம் ரூபா கூடக் கேக்குறார்னு எழுதியிருக்கீங்க. படத்தைப் பார்த்தவரைக்கும் அது தேய்ந்த அச்சுதான். கூடுதல் காசு குடுக்காதீங்க.

பத்து மடங்கு லென்ஸ்ல எழுத்தோட ஓரத்தைப் பாருங்க. அச்சு அடிச்சு அடிச்சு ஓயும்போது, காசோட உலோகம் விளிம்பைப் பார்த்து ஓடி அச்சையே அரிச்சிடும். அதனால எழுத்து விளிம்புப் பக்கமா மழுங்கிப் பரவும், சுத்தியுள்ள வெறும் பரப்பும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாயிடும். உங்க படத்துல ரெண்டுமே இருக்கு. அசல் இரட்டை அச்சுல ரெண்டாவது எழுத்தும் உருண்டு, கூரான ஓரத்தோட நிக்கும். எழுத்து முனை பிளந்து தெரியும். ஒரு பக்கம் மட்டும் தட்டையா அமுங்கியிருந்தா, அடிக்கும்போது அச்சு அசைஞ்சது. அதுவும் ரகம் இல்ல.

ரகம்னா எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம்: 1862னு போட்ட விக்டோரியா ரூபாய்கள்ல சிலதுல தெரியுற சின்னப் புள்ளிகள் அச்சுலயே இருந்தவை. அதனால அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் அதே இடத்துல வரும். அதான் ரகம்.

வாங்கினாலும் தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்கண்ணே. ஓரம் மழுங்கினா அப்புறம் யாராலயும் எதையும் சொல்ல முடியாது.