நெளிவு சுளிவு தெரியாத பிள்ளைக்கு எந்த வேலை?

(வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் பதில் சொல்பவருக்கு வயது 45. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 13 ஆண்டுகளாக இருப்புக் கணக்குப் பார்க்கிறார். பேச்சிலும் பழகுவதிலும் புலனுணர்விலும் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடான ஆட்டிசம் தனக்கு இருப்பதை 37 வயதில்தான் தெரிந்துகொண்டார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

என் மகனுக்கு 24 வயது, பி.காம். முடித்தவன். ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு ஜவுளிக் கடையில் சேர்த்துவிட்டோம். 19ஆம் நாள், சேலை எடுக்க வந்த அம்மாவிடம் "இது கையால முடிச்சுப் போட்ட சுங்குடி இல்ல, பிரிண்ட்"னு சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ஆட்டிசம் என்று சொல்லலாமா, மறைத்துவிடலாமா?
– ஒரு தாய், செல்லூர்

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. 2004இல் எனக்கு நடந்தது அப்படியே இதில் இருந்தது.

அப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தேன். ஜூலை கடைசி வாரம், ரிட்டர்ன் போட 31ஆம் தேதிதான் கெடு. ஒரு கடைக்காரர் வந்து "என் ஃபைல் முடிஞ்சதாம்மா?" என்று கேட்டார். "இன்னும் பிரிக்கவே இல்லைங்க" என்றேன். அவருடைய ஃபைல் கட்டுக் கலையாமல் என் மேஜையில்தான் கிடந்தது. "முடியப் போகுது, நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். சார் உள்ளே கூப்பிட்டு, "உனக்கு நெளிவு சுளிவே தெரியலம்மா" என்றார். மாதம் முடிந்ததும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

வேலை தெரியாமல்தான் அனுப்பினார்கள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை. அதை எனக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. உங்கள் மகனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். முடிச்சுப் போட்ட புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அச்சுப் புள்ளி அத்தனையும் ஒரே அளவாக இருக்கும். 19 நாளில் அதைக் கண்ணால் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்ட பையன் அவன். அவனைப் போய் விற்பனை மேஜையில் நிறுத்தியதுதான் தப்பு. சரக்கு வந்து இறங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தால், அந்தக் கடைக்கு அவனைப் போல ஓர் ஆள் கிடைத்திருக்க மாட்டான். வந்த சரக்கைச் சரிபார்ப்பது, திரும்பி வந்ததைப் பிரிப்பது, இருப்பு எண்ணுவது, பில்லையும் சிட்டையையும் ஒத்துப் பார்ப்பது இதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டிய வேலைகள். அப்படி ஓர் இடமாகத் தேடுங்கள்.

நேர்காணலில் இவனைப் போன்றவர்கள் அநேகமாகத் தோற்றுப்போவார்கள். அங்கே அளப்பது பேச்சைத்தான். "ரெண்டு நாள் சும்மா வேலை பார்க்கட்டும், பிடிச்சா வச்சுக்கங்க" என்று கேளுங்கள். இந்தக் கடையில் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு வருட இருப்பு நோட்டைக் கையில் கொடுத்து, "எங்க இடிக்குதுன்னு பாரும்மா" என்றார் முதலாளி. மறுநாள் மத்தியானம் பிடித்துவிட்டேன். மல்லி 11 சிப்பம் சீரகத்தின் பக்கத்தில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்.

மறைக்கலாமா என்று கேட்டீர்கள். நாம் பெயர் சொல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் அவர்களாகவே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். திமிர், மந்தம், "ஒரு மாதிரி". எனக்கு மூன்றுமே கிடைத்தன. அதனால் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். ஆட்டிசம் என்ற சொல்லோடு நிறுத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன தேவை என்பதையும் சேர்த்து, அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். நான் எழுதிக் கொடுத்தது இது: "ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். வேலை மாறினால் முந்தின நாளே சொல்லுங்கள். நான் முகம் பார்த்துப் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்." முதலாளி அதை இன்னும் கல்லாவுக்குள் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. அவனோடு உள்ளே போகாதீர்கள். நீங்கள் இருந்தால் எல்லோரும் உங்களிடம்தான் பேசுவார்கள். எதிர் டீக்கடையில் இருங்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அரசு வேலையில் இட ஒதுக்கீடு உண்டா? என்னிடம் சான்றிதழ் இல்லை.
– ஒரு பட்டதாரி, திருமங்கலம்

உண்டு தம்பி. நான் படிப்பை முடித்தபோது கிடையாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன 7 வகைகளில் ஆட்டிசமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மொத்த ஒதுக்கீடு 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும்.

முதலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வழி சொல்வார்கள். சின்ன வயதில் உங்களை வளர்த்தவர் யாரையாவது கூட்டிப் போங்கள், மருத்துவர் பழைய விஷயங்களைக் கேட்பார். எனக்கு அம்மா வந்தாள். நான் நாலு வயது வரை பேசாததும், கிரைண்டர் ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதும் அவளுக்குத்தான் தெரியும். தேர்வு அறிவிக்கை வந்தால், எந்தப் பணியிடம் எந்த வகைக்கு என்ற பட்டியலை முதலில் பாருங்கள். எல்லா வேலையும் எல்லா வகைக்கும் திறந்திருக்காது.

எங்கள் அச்சகத்தில் ஆட்டிசம் உள்ள பையன் புரூஃப் பார்க்கிறான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் பிடித்துவிடுவான். முகூர்த்த நெருக்கத்தில் மட்டும் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய், இரண்டு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அவனை அனுப்ப மனசில்லை. என்ன செய்வது?
– அச்சக உரிமையாளர், சிம்மக்கல்

அண்ணே, மனசில்லை என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. மெஷின் சத்தம், மை வாடை, டியூப் லைட்டின் ரீங்காரம், நாலு பேர் நாலு பக்கமிருந்து "இதைப் பாருடா" என்பது எல்லாம் உங்களுக்கும்தான் கேட்கிறது. உங்கள் மூளை வேண்டாததைப் பின்னால் தள்ளிவிடும். எங்களில் பலருக்கு எல்லாமே ஒரே உரத்தில் உள்ளே வரும். நிரம்பிவிட்டால் கை வேலை செய்யாது, சில நேரம் வாய்ப் பேச்சே நின்றுபோகும். எனக்கு வத்தல் வரத்துக் காலத்தில் இப்படி ஆகும். நெடி, லாரி ஹாரன், லோடுமேன்கள் சத்தம். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளில் நான் கடைப்பக்கமே வருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும்போது வந்து வருட இருப்பை எண்ணிக் கொடுத்துவிடுவேன். இருபக்கமும் லாபம் என்பார் முதலாளி.

நிரம்பி வழிந்த பிறகு இரண்டு மணி நேரம் ஆகும். வழிவதற்கு முன்னால் பத்து நிமிடம் போதும். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பத்துப் பத்து நிமிடம் பேப்பர் குடோனில் உட்காரட்டும். அவன் கேட்டு விடுவதாக வேண்டாம், நேரம் வைத்தே விடுங்கள். நிரம்புவது பல நேரம் எங்களுக்கே தெரியாது. மெஷினுக்கு எதிர் மூலையில், சுவரைப் பார்த்து மேஜை போடுங்கள். காதை மூடும் மஃப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வேலை சொல்வது ஒரே ஆளாக இருக்கட்டும். "சீக்கிரம்" என்ற சொல் எங்களுக்குப் பதற்றத்தைத்தான் கொடுக்கும், "நாலு மணிக்குள்ள இந்த மூணு" என்றால் முடித்துவிடுவான். மற்ற பையன்களிடமும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், அவனிடம் கேட்டுக்கொண்டு. சொல்லாவிட்டால் "அவனுக்கு மட்டும் என்ன சலுகை" என்ற முணுமுணுப்பு வரும். அதையும் அவன் காது கேட்கும்.

என் மகள் ஒரு பயிற்சி மையத்தில் 6 வருடமாகக் காகிதக் கவர் ஒட்டுகிறாள். மாதம் 500 ரூபாய் தருகிறார்கள். "இதுவே பெரிசு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

ஐயா, கவர் ஒட்டப் பழக 6 வருடம் ஆகாது. அவள் ஒட்டும் கவர் கடைக்கு விற்பனைக்குப் போகிறது என்றால், அவள் பார்ப்பது வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ஒட்டுகிறாள், 100 கவர் என்ன விலைக்குப் போகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதக் கணக்கோடு போய்க் கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் அதே நோட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் காட்டுங்கள். காசு அவள் பெயரில் வங்கியில் விழட்டும், அதை எடுத்துச் செலவு செய்ய அவளுக்கே பழக்குங்கள். என் முதல் சம்பளத்தில் நான் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினேன், முள் சத்தம் போடாதது. இன்றும் வீட்டில் ஓடுகிறது.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முடியவில்லை. தனியாகச் சாப்பிட்டால் "பழக மாட்டேங்குறா" என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டார்கள்.
– 29 வயதுப் பெண், இலந்தைக்குளம்

தங்கச்சி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சாப்பாட்டு நேரம் உங்களுக்கு ஓய்வு நேரம், அந்த அரை மணியில்தான் பிற்பகல் வேலைக்குத் தெம்பு சேர்கிறது என்று மேலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுத்து நிற்கும்.

நான் 13 வருடமாக 1.15 மணிக்கு மாடியில் சாக்கு அடுக்குக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் கடையில் பேசினார்கள். இப்போது புதிதாக யாராவது அந்தப் பக்கம் ஏறினால், "ஒன்றே முக்கால் வரைக்கும் அங்கிட்டுப் போகாதப்பா, அக்கா சாப்பிடுறாங்க" என்று லோடுமேன்களே கீழிருந்து சொல்லிவிடுகிறார்கள்.