அறுபது வயதுக்கு மேல் உச்சம் தொட்ட அமெரிக்க நடிகை யார்? அதுவரை அவர் எங்கே இருந்தார்?

ஜீன் ஸ்மார்ட். எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதிக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் எங்கேயும் போகவில்லை, நாற்பது வருடமாக நடித்துக்கொண்டேதான் இருந்தார்.

1951-இல் சியாட்டிலில் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்து, 1981-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில், 'பியாஃப்' நாடகத்தில் பழைய ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிக்காக நடித்தார். 1986-இல் சிபிஎஸ் சேனலின் 'டிசைனிங் விமன்' தொடரில் சார்லின் என்ற வேடம் கிடைத்தது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற, கள்ளம் கபடமில்லாத பெண். நாடே பார்த்த தொடர் அது, பின்னாளில் கணவரான ரிச்சர்ட் கில்லிலேண்டைச் சந்தித்ததும் அந்த செட்டில்தான். ஐந்து சீசன் முடிந்ததும் 1991-இல் விலகினார். அதே மாதிரி அப்பாவிப் பெண் வேடங்களாகவே வாங்கிக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம் இல்லையா? மறுவருடமே, புளோரிடாவில் அடுத்தடுத்து ஆண்களைச் சுட்டுக் கொன்ற ஐலீன் வோர்னோஸாக ஒரு டிவி படத்தில் நடித்தார்! எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

சினிமா அவரைச் சரியாகப் பயன்படுத்தவே இல்லை என்பது என் ஆதங்கம். 'கார்டன் ஸ்டேட்' போன்ற படங்களில் சின்னச் சின்ன வேடங்கள், அவ்வளவுதான். டிவிதான் அவரைத் தாங்கியது. 'ஃப்ரேசியர்' தொடரில் விருந்தினராக வந்து போனதற்கே 2000, 2001 இரண்டு வருடமும் அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மியை வாங்கினார். 2006-இல் '24' தொடரின் ஐந்தாவது சீசனில் அதிபரின் மனைவி மார்த்தா லோகன். அறிமுகக் காட்சியிலேயே, பார்த்துப் பார்த்து அலங்காரம் செய்துவிட்ட முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிடிக்காமல் அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிவிடுவார். எல்லோரும் அவரை மனநிலை சரியில்லாதவர் என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் அந்த வீட்டில் உண்மையை மோப்பம் பிடிப்பவர் அவர் ஒருவர்தான். பயமும் பிடிவாதமும் ஒரே முகத்தில் எப்படி வரும் என்று கேட்டால் நான் இந்த சீசனைத்தான் காட்டுவேன்.

அப்புறம் 2015-இல் 'ஃபார்கோ' இரண்டாவது சீசன். கணவர் பக்கவாதத்தில் விழுந்ததும் குற்றக் கும்பலாக இருக்கும் தன் குடும்பத்தை நடத்த வருகிற ஃப்ளாய்ட் கெர்ஹார்ட். அவர் குரலை உயர்த்துவதே இல்லை, ஆனாலும் வளர்ந்த மகன்கள் அடங்குகிறார்கள். 2019-இல் 'வாட்ச்மென்' தொடர். இப்படி ஒவ்வொரு வேடமும் முந்தையதற்கு நேர் எதிர்.

இவ்வளவுக்கும் பிறகு வந்ததுதான் 'ஹேக்ஸ்' தொடர். லாஸ் வேகாஸில் பல வருடமாக மேடை நகைச்சுவை செய்யும் டெபரா வான்ஸ். அவர் மேடையேறும் கேசினோவின் (சூதாட்ட விடுதியின்) முதலாளி அவருடைய நிகழ்ச்சி நாட்களைக் குறைக்கப் பார்க்கிறார், நகைச்சுவை எழுத ஏவா என்ற இளம்பெண் வந்து சேர்கிறாள் (ஹேனா ஐன்பைண்டர்). டெபரா தன் வாழ்க்கையின் அவமானங்களையே மேடையில் ஜோக்காகச் சொல்லிப் பிழைத்தவர். ஜோக் முடிந்து கூட்டம் சிரிக்கிற அந்த ஒரு நொடியில் ஜீன் ஸ்மார்ட்டின் கண்களைப் பாருங்கள், அங்கே சிரிப்பு இருக்காது. முதல் சீசன் படப்பிடிப்பு முடியும் முன்பே, 2021 மார்ச்சில், கணவர் இறந்துபோனார். அந்த செப்டம்பரில் எம்மி வாங்கியபோது அவரை நினைவுகூர்ந்துதான் பேச்சைத் தொடங்கினார். 2021, 2022, 2024, 2025 என முதல் நான்கு சீசனுக்குமே நகைச்சுவைத் தொடரின் சிறந்த நடிகை விருது அவருக்குத்தான். அதே 2021-இல் 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' தொடரில் கேட் வின்ஸ்லெட்டின் அம்மாவாகவும் வந்தார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் நேராக 'ஹேக்ஸ்' போகாமல் 'ஃபார்கோ' இரண்டாவது சீசனிலிருந்து தொடங்குங்கள். முதல் சீசன் பார்த்திருக்க வேண்டியதில்லை, கதை தனி.