மொச்சை வாடையும் சினைப்பருவமும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மொச்சை வாடை (கிடாவின் உடல் நாற்றம்), பருவம், பொலிகிடா (இனவிருத்திக்கு விடும் கிடா) பற்றியவை அதிகம். அவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். யானை பற்றியும் செண்ட் பற்றியும் கேட்டவர்களையும் விட்டுவிடவில்லை.

கேள்வி: 20 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். கிடா எப்போதும் கூடவே நிற்கிறது. ஆனாலும் வெயில் காலத்தில் பெட்டைகள் பருவத்துக்கே வருவதில்லை. கிடாவைப் பிரித்து வைத்துப் பிறகு விட்டால் எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வரும் என்கிறார்கள். உண்மையா? (வெள்ளாடு வளர்ப்பவர், மணப்பாறை)

உண்மைதான், ஆனால் எல்லா ஆட்டுக்கும் அல்ல. பருவமே வராமல் அடங்கிக் கிடக்கும் பெட்டைக்குத்தான் இது வேலை செய்யும். 21 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் ஆட்டின் உடலில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள், பருவத்தைப் பூட்டி வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் நிறைந்திருக்கும். கிடாவின் வாடை என்னதான் தூண்டினாலும் அந்தப் பூட்டு திறக்காது. அத்தகைய ஆடுகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஊசி பற்றிக் கேளுங்கள்.

அடங்கிய பெட்டைக்கு நடப்பது இது. கிடாவின் தலை, கழுத்துத் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஆணைப்படி வாடைப் பொருட்களைச் சுரக்கின்றன. அவற்றில் 4-எதில்ஆக்டனால் என்ற ஒன்று பெட்டையின் மூளையில் உள்ள ஹார்மோன் துடிப்பை முடுக்குகிறது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வாடை எட்டிய சிறிது நேரத்திலேயே, முட்டையை முதிரவைத்து வெளியேற்றும் எல்.எச். ஹார்மோன் அடிக்கடி சுரக்கத் தொடங்கும். சினைப்பையில் முட்டைக் கொப்புளம் வளர்ந்து, இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியாகும்.

பலர் ஏமாறுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். முதல் முட்டை வெளியானபின் அந்த இடத்தில் உண்டாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் மஞ்சள் திசு பெரும்பாலும் நிலைக்காது. ஐந்தாறு நாளில் கரைந்துவிடும். வெகுநாளாகப் புரோஜெஸ்டிரோனே படாத கருப்பை, அந்தத் திசுவைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டினைச் சீக்கிரமே சுரந்துவிடுவதுதான் காரணம். அதனால் முதல் சேர்க்கையில் சினை பிடிக்காத ஆடு ஒரு வாரம் கழித்து மறுபடி கத்தும். அந்த இரண்டாம் பருவத்தில்தான் சினை நிற்கும். ‘கிடா சரியில்லை’ என்று பத்தாம் நாள் அதை விற்றுவிடாதீர்கள்.

செய்யவேண்டியது: கிடாவை நான்கு வாரம் பிரித்து வையுங்கள். பார்வை, சத்தம், வாடை மூன்றும் எட்டக்கூடாது. ஒரே கொட்டகையில் நடுவே தட்டி கட்டுவது பிரிப்பே அல்ல. அதற்கு இடமில்லை என்றால் பழைய கிடாவை அனுப்பிவிட்டு, பெட்டைகள் பார்த்திராத புதுக் கிடாவைக் கொண்டுவாருங்கள். பழகாத வாடைக்கும் இதே பலன் உண்டு. கிடாவை விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்குத் தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். கிடாவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும், ஏனென்றால் விந்தணு உருவாகி முதிர ஏழெட்டு வாரம் பிடிக்கும். பல பெட்டைகள் ஒரே வாரத்தில் பருவத்துக்கு வருவதால் 20 ஆட்டுக்கு ஒரு கிடா போதாது, இரண்டு வேண்டும். 45 நாள் உள்ளேயே விட்டு வையுங்கள். 150 நாள் சினைக்காலத்தைக் கூட்டிப் பார்த்து, பசுந்தீவனம் இருக்கும் மாதத்தில் குட்டி விழுமாறு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலிக்காவிட்டால் முதலில் பெட்டையின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராகக் கையில் குத்தினால் குறை தீவனத்தில் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத கிடாவை நம்பியதும், மந்தமான கிடாவை விட்டதும் அடுத்த காரணங்கள். தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொண்டு, நாக்கைத் துருத்திப் பெட்டை பின்னால் சுற்றும் கிடாதான் இதற்கு லாயக்கு. நாறாத கிடா நல்ல கிடா என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

கேள்வி: எங்களிடம் இரண்டே ஆடுகள். கிடா கிடையாது. பருவம் வந்ததை எப்படி அறிவது? (வாசகி, ஊத்தங்கரை)

பக்கத்துத் தெருக் கிடாவின் கொம்புக்குப் பின்புறம் ஒரு பருத்தித் துணியை அழுத்தித் தேயுங்கள். துணியை இறுக மூடிய பாட்டிலில் போட்டு வைத்து, காலையும் மாலையும் திறந்து ஆட்டின் மூக்கருகில் காட்டுங்கள். பருவத்தில் இருக்கும் ஆடு வாலை விடாமல் ஆட்டிக்கொண்டு பாட்டிலை நோக்கி வரும். இல்லாத ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாடை மங்க மங்கத் துணியை மாற்றுங்கள்.

கேள்வி: பசுவின் மூத்திரத்தை முகர்ந்ததும் எங்கள் காளை தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லிளிக்கிறது. ஏன்? (வாசகர், காங்கேயம்)

மாட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. நீங்கள் பார்ப்பது ஈறுமெத்தை. அதற்குப் பின்னால், மேலண்ணத்தில் இரண்டு நுண்ணிய துளைகள் உண்டு. அவை மூக்கின் அடித்தளத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகின்றன. டென்மார்க்கின் ஜேக்கப்சன் 1813இல் இதை விவரித்ததால் அந்தப் பெயர். காற்றில் எளிதில் பறக்காத, மூத்திரத்தில் கரைந்திருக்கும் பொருட்களை ஆராய்வது இதன் வேலை. உதட்டைச் சுருட்டி மூக்குத்துளையை அடைப்பதால் அந்த ஈரம் உறுப்புக்குள் இழுக்கப்படுகிறது.

உதட்டைச் சுருட்டியதை வைத்தே பசு பருவத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பருவமில்லாத பசுவின் மூத்திரத்துக்கும் காளை இப்படிச் செய்யும். அது சோதனைதான், முடிவல்ல. சோதனைக்குப் பின் காளை மோவாயைப் பசுவின் இடுப்பில் வைத்து அழுத்துகிறதா, பசு நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எருமை பருவத்துக்கு வருவதே தெரியவில்லை. மூன்று முறை நாள் தவறிவிட்டது. (பால் உற்பத்தியாளர், நாமக்கல்)

ஊமைப் பருவம் எருமைக்கு இயல்பு, கோடையில் இன்னும் அதிகம். பசுவைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அரிது. கண்ணாடி போன்ற சளி வாலில் தொங்காது. படுக்கும்போது மட்டும் தரையில் சிறிது சிந்தும். அறிகுறிகள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். எனவே பகல் 11 மணிக்குப் பார்த்துப் பயனில்லை. இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் டார்ச்சோடு போய், படுத்த இடத்தையும் அறையின் (பெண்குறியின்) வீக்கத்தையும் பாருங்கள். அடிக்கடி சிறுநீர் கழித்தல், பால் குறைதல், கத்தல் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

போன பருவம் தெரிந்த நாளைச் சுவரில் எழுதி, 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை கவனியுங்கள். சினைப்படுத்த முடியாதபடி விதைநாளம் துண்டித்த கடாவைக் காலையும் மாலையும் 15 நிமிடம் பக்கத்தில் நிறுத்தினால் நம் கண்ணுக்குத் தப்புவது அதன் மூக்குக்குத் தப்பாது. (1978இல் அமெரிக்காவில் நாய்களைப் பழக்கி, பருவத்தில் உள்ள பசுவை வாடையால் இனம்காண வைத்தார்கள்.) காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுங்கள். முட்டை வெளியாவது பருவம் அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான். கண்டவுடன் அவசரப்பட்டு ஊசி போட்டால், முட்டை வருமுன்பே விந்தணுவின் ஆயுள் முடிந்துவிடும்.

கேள்வி: மதம் பிடித்த யானையின் கன்னத்தில் வண்டு மொய்ப்பதாகப் புலவர்கள் பாடியது கற்பனையா? (தமிழாசிரியர், உடுமலை)

முழுக் கற்பனை அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பி, மதகாலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது நீர் கசிய விடுகிறது. இளம் ஆசிய ஆண் யானைகளின் மதநீரில் தேன்வாடை தரும் பொருட்கள் இருப்பதை, யானைகளின் வாடைப் பொருட்களை ஆராய்ந்த ராஸ்முசென் குழுவினர் கண்டார்கள். வயது ஏற ஏற அந்த இனிமை போய், ஃப்ரான்டாலின் என்ற பொருளோடு கடுநெடி வந்துவிடும். அந்த நெடியை முகர்ந்து இளம் ஆண்கள் ஒதுங்குகின்றன. பருவத்தை நெருங்கும் பெண் யானையின் மூத்திரத்தில் இருக்கும் கவர்ச்சிப் பொருளோ, பல பெண் அந்துப்பூச்சிகள் வெளியிடும் அதே பொருள்! இது 1996இல் தெரியவந்தது. ஆண் யானை துதிக்கை நுனியால் மூத்திரத்தைத் தொட்டு அண்ணத்தில் வைத்துச் சோதிக்கும். பெண்ணின் சுழற்சி 14 முதல் 16 வாரம் வரை நீளும் என்பதால், சரியான நாளைத் தவறவிட்டால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: ‘ஃபெரமோன் செண்ட்’ மனிதர்களுக்குப் பலன் தருமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

காசைச் சேமியுங்கள். மனிதரில் ஃபெரமோன் (தன் இனத்தின் மற்றொரு உயிரைத் தூண்டும் வாடைப் பொருள்) என்று உறுதியாக நிறுவப்பட்ட பொருள் இதுவரை ஒன்றுமில்லை. ஜேக்கப்சன் உறுப்பின் உணர்வுக்குத் தேவையான டி.ஆர்.பி.சி.2 என்ற மரபணு நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் ‘ஆண்ட்ரோஸ்டீனோன்’ ஆண் பன்றியின் எச்சிலில் இருப்பது.

கேள்வி: அதே ஆண்ட்ரோஸ்டீனோனைப் பன்றிப் பண்ணையில் எப்படிப் பயன்படுத்துவது? (வெண்பன்றிப் பண்ணையாளர், ஈரோடு)

பருவத்தில் உள்ள பெண் பன்றியின் முதுகை அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஆண் பன்றி அருகில் இல்லாதபோது, பருவத்தில் இருப்பவற்றிலும் ஏறத்தாழ பாதிதான் அப்படி நிற்கும். ஆண் பன்றியின் நுரைத்த எச்சில் மூக்கில் பட்டால் மீதியில் பலவும் நிற்கும். ஸ்பிரே வாங்கினால் மூக்கு நோக்கி இரண்டு விநாடி அடித்துவிட்டு முதுகை அழுத்துங்கள். ஆனால் ஸ்பிரே தருவது வாடை மட்டுமே. உறுமலும் உருவமும் சேர்ந்த நிஜ ஆண் பன்றிக்கு அது ஈடாகாது.

ஆண் பன்றியை நாள் முழுக்கப் பக்கத்துக் கூண்டிலேயே அடைத்து வைப்பது பண்ணைகளில் பொதுவாகக் காணும் தவறு. பழகிய வாடைக்குப் பெண் நிற்காது. சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாவது ஆணை அப்புறப்படுத்தி, சினை ஊசி போடும் நேரத்தில் பெண்ணின் முகத்துக்கு நேராக நிறுத்துங்கள். தூண்டல் வந்தால், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் சுரந்து கருப்பை தானாகவே விந்தை உறிஞ்சும். 80 முதல் 100 மில்லி விந்துக் கரைசல் உள்ளே போக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பாட்டிலைப் பிதுக்கினால் பின்வழியே வழிந்துவிடும். விறைத்து நிற்பது 10, 15 நிமிடம்தான். அதற்குள் முடிக்காவிட்டால் களைத்துப்போய், மறுபடி நிற்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

கேள்வி: காயடித்து மூன்று வாரமாகியும் கிடா பெட்டைமேல் ஏறுகிறது. வாடையும் போகவில்லை. (வாசகர், மேலூர்)

டெஸ்டோஸ்டிரோன் ஓரிரு நாளில் விழுந்துவிடும். பழகிய நடத்தை அப்படி அல்ல. வளர்ந்த, சேர்ந்து பழகிய கிடாவுக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். பழைய முடியில் ஒட்டிய வாடை முடி உதிரும்வரை இருக்கும். நாளத்தில் தங்கிய விந்தணுவால் சினை பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் ஆறு வாரமாவது பெட்டைகளிடமிருந்து பிரித்தே வையுங்கள். இடுக்கியால் நசுக்கியிருந்தால், அந்த ஆறு வாரம் முடிந்ததும் விதையைத் தடவிப் பாருங்கள். இரண்டும் சுருங்கிச் சிறுத்திருக்க வேண்டும். ஒன்று பழைய அளவிலேயே இருந்தால், நசுக்கும்போது அந்தப் பக்க நாளம் நழுவிவிட்டது. திரும்பச் செய்ய வேண்டும்.