ரத்தம் நின்றுவிட்டதால் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. இரண்டு மாதங்களுக்கு முன் வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனது. வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் சாப்பிட்டேன், நின்றுவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். தாங்க முடியாத வலி, வாரக்கணக்கில் ரத்தம், ஆண்மைக்குறைவு என்றெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். ரத்தம் அதனால்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதனை அவசியமா?

பதில்: அவசியம். நீங்கள் பயப்படுவது குழாய்க்கு அல்ல, உள்ளே புற்றுநோய் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான். கடிதத்தில் அந்த வார்த்தையை மட்டும் தவிர்த்திருக்கிறீர்கள். அதனால் அதையே முதலில் பேசிவிடலாம்.

சிறுநீரில் ரத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கல், கிருமித்தொற்று, புராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்கள்தான் அதிகம். ஆனால் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் அது தினமும் ரத்தம் கசிய வேண்டும் என்பதில்லை. ஒருமுறை வரும், தானாக நிற்கும், பல வாரம் எதுவும் இருக்காது. பெரும்பாலும் வலியும் இருக்காது. ரத்தம் நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான். சின்னக் கட்டியும், உட்சுவரில் தட்டையாகப் படர்ந்திருப்பதும் ஸ்கேனில் தப்பிவிடும். நேரில் பார்த்தால்தான் தெரியும். மேல் படலத்தோடு நிற்கும் கட்டி என்றால் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். அந்த வாய்ப்பு சீக்கிரம் பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம்.

மாத்திரையால்தான் ரத்தம் வந்தது என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை பெரும்பாலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் கோளாறைத்தான் வெளிக்காட்டுகிறது. அதைச் சாப்பிடுபவருக்கும் மற்றவர்களைப் போலவே முழுப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்காக அந்த மாத்திரைகளை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உள்ளே பார்ப்பது மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. சதை எடுப்பதாக இருந்தால், இதய மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

அந்த ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. என்ன கிருமி, கிருமி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கிடையில் சிறுநீரைச் சோதித்திருந்தால் முடிவே தவறாக வந்திருக்கக்கூடும். எந்த மாத்திரை, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகைபிடிப்பீர்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. பல வருடங்களுக்கு முன் விட்டிருந்தாலும் அதையும் சொல்லுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் புகைதான்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். முன்னதாகச் சிறுநீரைச் சோதிப்பார்கள். தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே செய்வார்கள். எனவே அந்தச் சமயத்தில் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முன்பே தெரிவித்துவிடுங்கள். மரத்துப்போகும் ஜெல் மட்டும் வைத்துச் செய்வதாக இருந்தால் பொதுவாக வழக்கம்போல் சாப்பிடலாம். மயக்க மருந்து என்றால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று அவர்களே சொல்வார்கள், அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

வளையும் மெல்லிய குழாயில் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். புராஸ்டேட்டைத் தாண்டும்போது சில நொடிகள் சுருக்கென்று இருக்கும். அந்த நேரம் உடம்பை இறுக்காமல், சிறுநீர் கழிக்கப் போவதுபோல் தளர்த்தி மெல்ல மூச்சை விடுங்கள். பிறகு சலைன் உள்ளே போவதால் சிறுநீர் முட்டுவதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ஆண்மைக்குறைவு பயத்தை விட்டுவிடுங்கள். விறைப்புக்கான நரம்புகள் சிறுநீர்க் குழாய்க்கு வெளியே போகின்றன, கருவி அவற்றைத் தொடுவதில்லை.

முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பது எல்லாம் சகஜம். கொஞ்சம் ரத்தம்கூட அவ்வளவு நீரையும் நிறம் மாற்றிவிடும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள். இதயப் பலவீனத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: நடுக்கத்தோடு வரும் காய்ச்சல். போர்வையைப் போர்த்தினாலும் பல் கிடுகிடுக்கும், உடம்பு தூக்கிப்போடும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். கிருமி சிறுநீர்ப் பாதையிலிருந்து ரத்தத்துக்குள் போய்விட்டது என்பதற்கு இது அறிகுறியாக இருக்கலாம். இது அரிதாகவே நடக்கும். ஆனால் நடந்தால், சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி நிலைமை கைமீறிப் போகக்கூடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுப்பவர்களைத்தான் மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறோம். பாராசிட்டமால் சூட்டைத் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. வீட்டில் மிச்சமிருக்கும் அந்த ஆன்டிபயாடிக்கையும் அப்போது தொடாதீர்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, ‘இன்ன தேதியில் சிறுநீர்ப்பை எண்டோஸ்கோப்பி செய்தார்கள்’ என்று சொல்லுங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சில நேரம் காய்ச்சலே தெரியாது, திடீரென்று பேச்சு குழறி, சோர்ந்து விழுவார்கள். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அதேபோல், முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் இறங்காவிட்டாலோ, ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது. இன்றே தேதி வாங்குங்கள். அதற்குள் மறுபடி ரத்தம் வந்தால், அந்தத் தேதி வரை பொறுத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.